80இல் நடுங்கிய ஸ்டீயரிங்: அவனியாபுரம் சாலையில் ஒரு அலைன்மென்ட் கடை

சமயநல்லூரைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடும். 70 வரை வண்டி சாது. 75இல் ஸ்டீயரிங் மேல் இருக்கும் கட்டைவிரல்கள் துடிக்கத் தொடங்கும். 80இல் டேஷ்போர்டுப் பிள்ளையார் தலையாட்டுவார். 85இல் நடுக்கம் முழங்கை வரை ஏறும். சுங்குடிச் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல்லுக்கும் ஒரு நாள் காரைக்குடிக்கும் போய் வருகிறவள் நான். நான்கு மாதம் இந்த நடுக்கத்தோடு குடித்தனம் நடத்தினேன். போதாததற்கு, நேரான சாலையில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், தொட்டி ஞாபகம் வந்த மாடு மாதிரி வண்டி இடப்பக்கம் ஒதுங்கும்.

முதலில் போன இடம் பெரிய இடம். ஏசி அறை, காப்பி இயந்திரம், சுவரில் பளபளக்கும் சக்கரங்கள். பெயர் வேண்டாம். "சார் வரவில்லையா மேடம்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். சார் வீட்டில் தூங்குகிறார், வண்டி என்னுடையது என்றேன். பத்து நிமிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னவோ செய்துவிட்டு வந்து, நான்கு டயரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். டயரின் பக்கவாட்டில் 3124 என்று நான்கு இலக்கம் அச்சாகியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். ஒன்றரை வருடத்து டயரை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, மதுரை ரோடு அப்படி மேடம் என்று பதில். ரோட்டைக் குறை சொல்வதற்கு எனக்கும் ஆசைதான். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடையைச் சொன்னவர் எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வில்லாபுரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பைத் தாண்டி அவனியாபுரம் போகிற வழியில் இடது கைப் பக்கம், ஒரு வேப்பமரம், அதன் பின்னால் தகரக் கூரை. பலகையில் 'வீல் அலைன்மென்ட், பேலன்சிங்' என்பதோடு சரி. சக்கரங்களை நேராகப் பார்க்க வைப்பது முதலாவது, சுற்றும்போது எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வைப்பது இரண்டாவது. கடைக்குப் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கல்லா என்று சொல்லத்தக்க ஒரு மேசை. அதன் கண்ணாடிக்கு அடியில் முருகன், திருமண அழைப்பிதழ் ஒன்று, பிறகு ஒரு மங்கிய புகைப்படம். வேலிக் கம்பி குறுக்கே விழுந்து, பந்தய உடையில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் பாதி முகம். பேனாவால் 'இருங்காட்டுக்கோட்டை 2017' என்று எழுதியிருந்தது.

"இது மிக் ஷூமாக்கர்தானே?" என்றேன்.

ஜாக்கி ஏற்றிக்கொண்டிருந்த தம்பி கையை நிறுத்திவிட்டார். வயது முப்பதுக்குள் இருக்கும். இந்த மேசைக்கு முன்னால் நின்று இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். மற்றவர்கள் எல்லோரும், "யாரப்பா இது, உன் வெளிநாட்டுக் கூட்டாளியா?" என்றுதான் கேட்பார்களாம்.

எனக்குத் தெரிந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்லூரி விடுதியில் ஒரே ஒரு டிவி இருந்த காலம். ஞாயிறு மாலை சினிமாவுக்குச் சண்டை போடும் ஐம்பது பேருக்கு நடுவில் கார் பந்தயம் கேட்கும் ஒருத்தியாக இருந்தவள் நான். 1999 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஃபார்முலா 1 வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் சிவப்புக் கார் நேராகப் போய் டயர் சுவரில் மோதி, அவர் கால் ஒடிந்ததைப் பார்த்து இரவுச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆண்டு மார்ச் 22இல்தான் அவருக்கு மகன் பிறந்திருந்தான், நான்கு மாதம்கூட ஆகாத கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருப்பது.

சரி, வண்டிக்கு வருகிறேன். இந்தத் தம்பி காரைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். எந்த வேகத்தில் நடுங்குகிறது? நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, உட்காரும் சீட்டில் தெரிகிறதா? பிரேக் பிடித்தால் கூடுகிறதா? ஸ்டீயரிங் என்றால் முன் சக்கரம், சீட் என்றால் பின் சக்கரம், பிரேக்கில் கூடினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்று காரணமும் சொன்னார். ஏசி அறையில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. சாரைத்தான் கேட்டார்கள்.

அடுத்து முன் இடது டயரின் மேல் என் கையை வைக்கச் சொன்னார். "வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள் அக்கா. இப்போது உள்ளேயிருந்து வெளியே." ஒரு பக்கம் வழுவழுப்பு, திரும்பி வரும்போது ரம்பத்தின் பல்லைத் தடவியதுபோல் சொரசொரப்பு. வருடக்கணக்காகச் சேலை தடவிப் பிழைக்கிற கை, இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சக்கரம் நேராக உருளாமல், முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டு தரையில் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. அதே சக்கரத்தில் காற்றழுத்தமும் 24தான் இருந்தது, வலது பக்கத்தில் 32. வால்வில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். சோம்பேறித்தனமாக ஒரு குமிழி ஊதி வந்தது. இடப்பக்க இழுப்புக்கு முதல் குற்றவாளி அந்தக் குமிழி.

பேலன்சிங் இயந்திரத்தை நான் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது இல்லை. வேறு இடங்களில் விட மாட்டார்கள். சக்கரத்தைக் கழற்றி, டயரின் பள்ளங்களில் செருகியிருந்த கற்களை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தார். இதைச் செய்யாமல் பேலன்ஸ் பார்ப்பது செருப்போடு எடை பார்ப்பது மாதிரி என்றார். ரிம்மில் பழைய எடைக்கட்டி விழுந்துபோன இடத்தில் துருவின் நிழல் மட்டும் இருந்தது. சக்கரத்தை இயந்திரத்தின் தண்டில் மாட்டி மூடியை இறக்கினார். விர்ரென்று சுற்றி நின்றது. திரையில் உள்பக்கம் 35 கிராம், வெளிப்பக்கம் 10 கிராம் குறை. கையால் மெல்லத் திருப்பி, விளக்கு எரிந்த இடத்தில் விளிம்பின் உச்சியில் எடைக்கட்டியைச் செருகிச் சிறிய சுத்தியலால் இரண்டு தட்டு. மறுபடி சுற்றல். உள்பக்கம் 5. கட்டியை அரை விரல் நகர்த்தினார். மறுபடி சுற்றல். 0, 0. 5 கிராம்தானே என்று நான் விட்டிருப்பேன். அவர் விடவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அந்த எடை இழுக்கும் இழுப்பு நான்கு மடங்காகும், அதனால்தான் மாட்டுத்தாவணியில் தெரியாதது சமயநல்லூரில் தெரிகிறது என்றார்.

"மிக் எஃப்-2 சாம்பியன் ஆன அன்று அவர் கையில் இருந்த நடுக்கமும் இதுதான் அக்கா" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பந்தயம் எனக்கும் ஞாபகம் இருந்தது. 2020 டிசம்பர் 6, பஹ்ரைனின் சாகிர் தடம், ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழான ஃபார்முலா 2 (எஃப்-2) சீசனின் கடைசிப் பந்தயம். மிக்கும் பிரிட்டிஷ்காரர் கேலம் ஐலட்டும் பட்டத்துக்குப் போட்டி. தொடக்கத்திலேயே மிக் பிரேக்கை அழுத்திப் பிடித்ததில் சக்கரம் சுழலாமல் நின்று தரையில் உரசியது. உரசிய இடத்தில் ரப்பர் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டை தரையில் அடித்துக்கொண்டே இருக்கும். கார் முழுவதும் அதிரும். கடைசியில் டயர் மாற்ற உள்ளே வர வேண்டியதாகி, 18ஆவது இடத்தில் முடித்தார். ஐலட்டுக்கும் அன்று புள்ளி கிடைக்கவில்லை. 215க்கு 201, பட்டம் மிக்குக்கு. பந்தயத்தை வென்றவர் நம் மும்பை இளைஞர் ஜெஹான் தாருவாலா, அது அவருடைய முதல் எஃப்-2 வெற்றி. 18ஆவதாக வந்து கோப்பையைத் தூக்குவது எந்த விளையாட்டில் நடக்கும் என்று வீட்டில் சிரித்தார்கள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிர்வோடு அத்தனை சுற்று வண்டியை நேராக வைத்திருந்தாரே, அதைப் பாருங்கள் என்கிறார். தொழில்காரர் பார்வை வேறுதான்.

இருங்காட்டுக்கோட்டைக் கதையையும் எடைக்கட்டி தட்டிக்கொண்டேதான் சொன்னார். எம்ஆர்எஃப் சேலஞ்ச் 2016-17 பந்தயத் தொடர் பஹ்ரைன், துபாய், டெல்லி பக்கத்து புத் தடம் என்று சுற்றிவிட்டுச் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் முடிந்தது. மிக்குக்கு அப்போது 17 வயது. தம்பி டிப்ளமா முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த நேரம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மிக் அந்தத் தொடரில் மூன்றாவதாக வந்தார். சாம்பியன் ஆனவர் ஹாரிசன் நியூவி, கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியின் மகன். "அன்று அங்கே எங்கே பார்த்தாலும் அப்பாக்களின் பிள்ளைகள்தான் அக்கா. நானும் ஒருத்தன்."

இப்போது பலகைக்கு வருகிறேன். இந்தத் தம்பியின் அப்பாவை மதுரையின் பழைய லாரிக்காரர்கள் 'நூல்காரர்' என்றால் தெரிந்துகொள்வார்கள். கணினி வராத காலத்தில் வண்டியின் பக்கவாட்டில் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் இழுத்துக் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைச் சின்ன ஸ்கேலால் அளந்து அலைன்மென்ட் செய்தவர். அம்பாசிடர், லாரி, கோயில் சப்பரத்துச் சக்கரம் வரை பார்த்திருக்கிறாராம். சப்பரத்தை மட்டும் நான் முழுவதும் நம்பவில்லை. மகன் கடன் வாங்கிக் கேமரா வைத்த இயந்திரம் போட்டபோது அப்பா பெயரையே கடைக்கு வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். வைத்தால் முதல் நாளே கூட்டம் வரும். தம்பி மறுத்துவிட்டார். கூட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வண்டிக்கும், "உங்கப்பா தொட்டுப் பார்த்தே சொல்லுவாரே" என்று கேட்க வேண்டிவரும் என்பது அவர் கணக்கு. பெயரில்லாமல் திறந்தார். ஆறு மாதம் ஈ ஓட்டினார். அப்புறமும் கண்டுபிடித்து வந்து அதையேதான் கேட்டார்கள்.

அப்பா பெயரைத் தவிர்த்தது மிக்கும்தான். அவருடைய சிறுவயதுக் கோகார்ட் (பிள்ளைகள் ஓட்டும் குட்டிப் பந்தயக் கார்) பட்டியல்களைத் தேடினால் ஷூமாக்கர் என்ற பெயரே இருக்காது. 'மிக் பெட்ச்' என்று இருக்கும். பெட்ச் அவர் அம்மா கொரின்னா பிறந்த வீட்டுப் பெயர். பிறகு கொஞ்ச காலம் 'மிக் ஜூனியர்'. 2014இல் உலக ஜூனியர் கார்ட் போட்டியில் இரண்டாம் இடம் வந்ததும் அந்தப் பெயரில்தான். அதற்கு முந்தைய டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் பனிச்சரிவில் அப்பாவுக்கு விபத்து. குடும்பம் அவர் நிலையைப் பற்றி வெளியே பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம். ஏழு உலகப் பட்டமும் 91 வெற்றியும் பெற்ற அப்பா வீட்டில் இருந்தும், கேட்க நினைத்ததைக் கேட்க முடியாத பிள்ளை 2015இல் ஜெர்மன் ஃபார்முலா 4இல் சொந்தப் பெயரோடு இறங்கினார். ஓஷர்ஸ்லேபனில் முதல் வார இறுதியிலேயே ஒரு பந்தயத்தை வென்றும்விட்டார். உடனே அப்பாவின் சாயல் என்று எழுதினார்கள். வருட முடிவில் 10ஆவது இடம். உடனே வேறு மாதிரி எழுதினார்கள்.

பெயர் இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருப்பாரா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டார். எங்கள் தொழிலிலும் அப்பா பெயரைச் சொன்னால் சாயக்காரர் முதல் கட்டை நமக்குக் கொடுப்பார். அந்தக் கட்டில் முடிச்சுப் பிசகினால் திட்டும் அப்பா பெயரைச் சொல்லித்தான் விழும்.

அலைன்மென்ட் வேலை நாற்பது நிமிடம் ஆனது. நான்கு சக்கரத்திலும் பலகை போன்ற கருவிகளைப் பூட்டி, வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டினார். திரையில் முன் இடது சக்கரம் மட்டும் சிவப்பு. என் வண்டியில் திருத்த முடிந்தது முன் சக்கரங்கள் உள்ளே, வெளியே பார்க்கும் கோணத்தை மட்டும்தான், மற்றவை கம்பெனி வைத்தபடி, அவற்றைத் திருத்தியதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள் என்றார். இதை நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் பூட்டு நட்டு துருவேறி அசையவில்லை. எண்ணெய் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். அடித்துத் திருப்பவில்லை. நட்டு அசைந்ததும் கால் சுற்று, திரையைப் பார்ப்பது, மறுபடி ஒரு நூல். சிவப்பு பச்சையானது.

ரசீது: அலைன்மென்ட் 400, பேலன்சிங் சக்கரத்துக்கு 80 வீதம் 320, எடைக்கட்டி நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 65 கிராம், கிராமுக்கு 2 வீதம் 130, வால்வு 50. மொத்தம் 900 ரூபாய். ஏசி அறையில் நான்கு டயருக்குச் சொன்ன தொகையை இங்கே எழுதினால் சிலருக்கு நெஞ்சு வலிக்கும்.

சுற்றுச்சாலையில் மண்டேலா நகர் வரை போய்த் திரும்பினேன். 80இல் பிள்ளையார் அசையாமல் அருள்பாலித்தார். இங்கேயே முடித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கலாம்.

மறுநாள் திண்டுக்கல் போகும்போது வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு லாரியை முந்துவதற்காக 95 தொட்டேன். மறுபடி வந்துவிட்டது. பழைய நடுக்கம் இல்லை, தூரத்தில் யாரோ தையல் இயந்திரம் ஓட்டுவது மாதிரி. கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்று முறை. அன்று மாலை நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதினால் நாகரிகமாக இருக்காது.

இரண்டு நாள் கழித்து நேரில் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். தம்பி வாதாடவில்லை. வலது முன் சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டி, மூடியை இறக்காமல் கையால் மெதுவாகச் சுற்றி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை நிலையாகப் பிடித்துக்கொண்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். முனைக்கும் ரிம்முக்கும் இடையில் தெரிந்த வெளிச்சம் ஓர் இடத்தில் மெலிந்து, அடுத்த பாதியில் அகன்றது. உள்பக்க விளிம்பு வளைந்திருந்தது, ஏதோ பள்ளத்தின் உபயம். எடை சமமாக இருந்தாலும் வட்டம் வட்டமாக இல்லை. "முதல் தடவையே நான் இதைப் பார்த்திருக்க வேண்டும் அக்கா. எண் சுழி வந்ததும் விட்டுவிட்டேன்" என்றார். இயந்திரத்தையோ ரோட்டையோ குற்றம் சொல்லாத இந்த வாக்கியத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ரிம்மை நிமிர்த்தும் பட்டறைக்கு அவரே கொடுத்தனுப்பி, மறுநாள் வாங்கி, மறுபடி பேலன்ஸ் பார்த்து மாட்டிக் கொடுத்தார். பட்டறைக்கூலி 300 மட்டும் வாங்கினார். அவர் வேலைக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் 100 வரை போய்ப் பார்த்தேன். எந்த இடத்தில் என்று காவல்துறை நண்பர்கள் கேட்க வேண்டாம்.

அன்று ரிம் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில்தான் மிக்கின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். ஃபார்முலா 4: முதல் ஆண்டு 10ஆவது இடம், இரண்டாம் ஆண்டு 2ஆவது. அதுவும் ஜெர்மனியில் ஒன்று, இத்தாலியில் ஒன்று என்று இரண்டு தொடரிலும் 2. ஐரோப்பிய ஃபார்முலா 3: 2017இல் 12, 2018இல் சாம்பியன். அந்த 2018லும் பாதி சீசன் வரை வெற்றியே இல்லை. ஜூலைக் கடைசியில் ஸ்பாவில் முதல் வெற்றி, சீசன் முடியும்போது கணக்கு எட்டு. ஃபார்முலா 2: 2019இல் 12, 2020இல் சாம்பியன். எந்த வகுப்பிலும் முதல் வருடம் பார்த்து, இரண்டாம் வருடம் சரிசெய்கிற பிள்ளை.

ஃபார்முலா 1லும் அதேதான் நடந்திருக்க வேண்டும், பாதி நடக்கவும் செய்தது. 2021இல் ஹாஸ் அணி. அந்த வருடக் காரை மேம்படுத்தப்போவதில்லை, 2022 காருக்குத்தான் உழைப்பு என்று அணி முடிவெடுத்திருந்தது. இரண்டு ஓட்டுநர்களும் புதியவர்கள். கடைசி வரிசையில் நின்று கடைசி வரிசையில் முடித்தார்கள், வருடம் முழுக்கச் சுழி. திரையின் ஓரத்தில் ஓட்டுநர் பெயர்ச் சுருக்கமாக 'எம்எஸ்சி' என்று அப்பாவின் அதே மூன்று எழுத்து, பட்டியலின் அடியில். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. 2022இல் கார் நன்றாக இருந்தது. அப்போதுதான் விபத்துகள். ஜெட்டா தகுதிச்சுற்றில் சுவரில் மோதி அந்தப் பந்தயத்தையே விட வேண்டியதாயிற்று. மொனாக்கோவில் நீச்சல்குளத்து வளைவில் மோதிக் கார் இரண்டு துண்டாயிற்று. இரண்டிலும் ஆளுக்கு ஒன்றும் இல்லை. அணித் தலைவர் குந்தர் ஸ்டைனர் செலவை வெளிப்படையாகவே சொல்லிக் காட்டினார். இருக்கலாம். உடைத்தால் காசுதான். என் சேலைக் கட்டில் சாயம் கொட்டினவனை நானும் கொஞ்சியதில்லை.

ஆனால் ஜூலை 3 வந்தது. சில்வர்ஸ்டோன். அப்பாவின் கால் ஒடிந்த அதே தடத்தில் மகன் 8ஆவதாக முடித்து வாழ்க்கையின் முதல் நான்கு புள்ளியை எடுத்தார். கடைசிச் சுற்றில் உலக சாம்பியன் வெர்ஸ்டாப்பனின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் இருக்க, சோபாவில் ஏறி நின்றேன். அடுத்த வாரம் ஆஸ்திரியாவில் 6ஆவது, இன்னும் எட்டுப் புள்ளி. அதோடு நின்றது. நவம்பரில் அவரை விடுவித்துவிட்டு, அவரைவிடக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வயது மூத்த இன்னொரு ஜெர்மானியர் நிக்கோ ஹுல்கென்பெர்கை எடுத்தார்கள். 12 புள்ளி, மொத்தக் கணக்கு அவ்வளவுதான். ஹுல்கென்பெர்க் நல்ல ஓட்டுநர், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு பையன் கற்றுக்கொள்கிற விதம் எட்டு வருடமாகத் தாளில் அச்சாகியிருக்க, அதைப் படிக்கத் தெரியாதவர்கள் மேல்தான் கோபம். தம்பி என்னைவிட நிதானம். "நானே உங்களுக்கு இரண்டாவது தடவைதான் சரிசெய்தேன். நீங்கள் திரும்பி வந்தீர்கள். வராதவர்கள் எத்தனை பேரோ!" என்றார்.

அதற்குப் பிந்தையதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெர்சிடிஸில் மாற்று ஓட்டுநராக நின்றார். ஆல்பைனின் 36ஆம் எண் காரில் உலக நெடுந்தூரப் பந்தயத் தொடர். 2024இல் ஃபூஜியில் மூன்றாம் இடம், 2025இல் இமோலாவிலும் ஸ்பாவிலும் மூன்றாம் இடம். 2026க்கு அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடர், ரேஹால் லெட்டர்மேன் லானிகன் அணி. முட்டை வடிவ ஓவல் தடங்களிலும் ஓட்ட வேண்டிய தொடர் அது.

ஓவல் தடத்தில் எல்லா வளைவும் இடப்பக்கம்தான். அதனால் காரையே இடப்பக்கம் இழுக்கும்படி அமைப்பார்களாம், நேர் ஓட்டத்தில் ஓட்டுநர் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும். "உங்கள் வண்டியைச் சரிசெய்திருக்கவே கூடாது அக்கா, அப்படியே இண்டியானாபோலிசுக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார் தம்பி. என் ஒன்றரை வருடத்து டயர் தேய்ந்ததை நினைத்துச் சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் பெரும்பாலும் தம்பியின் அப்பா, அந்த நூல்காரப் பெரியவர் இருப்பார். கழிப்பறை கிடையாது. பெண்கள் காத்திருக்க வேண்டிய வேலைக்கு இது சின்னக் குறை இல்லை, தம்பியிடமும் சொல்லிவிட்டேன். பிரின்டரில் மை தீர்ந்து எத்தனை நாளோ, அலைன்மென்ட் அளவுகளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். போனை எடுப்பதே இல்லை. மதியம் ஒன்றரைக்குக் கதவை இறக்கினால் மூன்றுக்குத்தான் ஏற்றுகிறார். பொங்கல் அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே முடியாது.

ரிம் மாட்டி முடித்து நான் சாவியைக் கேட்டபோது, நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்தார். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். இரண்டு இரும்பு ஸ்டாண்டுக்கு நடுவே வண்டியின் இடப்பக்கம் நீளத்துக்கு நூலைக் கட்டினார். குந்தி உட்கார்ந்து முன் சக்கரத்தின் முன் விளிம்பில் ஒரு முறை, பின் விளிம்பில் ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை. வலப்பக்கமும் போனார். தம்பி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். பெரியவர் நூலைச் சுற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தப்பாக இருந்தால் சொல்லுவார் அக்கா."

இண்டிகார் சீசன் மார்ச்சில் தொடங்குகிறது. அமெரிக்காவில் மதியம் ஓடும் பந்தயம் நமக்கு ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல்தான். ஆகவே மார்ச்சிலிருந்து திங்கள்கிழமை போகிறவர்கள் பதினோரு மணிக்கு முன் போக வேண்டாம். மிக்கின் 47ஆம் எண் கார் எப்படி ஓடியது என்பதை முதலில் தெரிந்துகொண்டு போவது நல்லது.